மனோன்மணியின் கருங்காலிப் பெட்டகம்

என் பிள்ளைக்கு, அப்பா எழுதுவது.

வட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ ரயிலில் நின்றபடியே பாதியை வாசித்துவிட்டு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவாய். அதனால்தான் கடதாசியில் எழுதித் தபாலில் போடுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி. உன் கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது கிழமை இருக்கிறது. நீ கொழும்புக்கு வந்து இறங்குவதற்கு முன்னர் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். தைப்பொங்கல் அன்று தொலைபேசியில் கேட்டாய்: "அப்பா, எங்கட கருங்காலிப் பெட்டகத்தை மெல்பேணுக்கு அனுப்ப ஏலுமோ? தாரணிக்குப் படம் காட்டினனான். அவவுக்குச் சரியான விருப்பம்." நான் "பாப்பம்" என்றேன். அதற்குப் பிறகும் மூன்று தரம் கேட்டாய். மூன்று தரமும் மழையைப் பற்றியும் மண்டபத்தைப் பற்றியும் கதைத்துத் தப்பினேன். இப்போது சொல்லிவிடுகிறேன். பெட்டகம் வீட்டில் இல்லை. விற்கவும் இல்லை, களவு போகவும் இல்லை. உரியவரிடம் போய்விட்டது. அது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது என்று உனக்குத் தெரிய வேண்டும். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். உனக்கு மட்டுந்தான் தெரியாது.

நீ அந்தப் பெட்டகத்தின்மேல் இருந்து படித்தவன், சாப்பிட்டவன், காய்ச்சல் வந்தால் அதன் குளிர்ச்சிக்குக் கன்னத்தை வைத்துப் படுத்தவன். ஆனால் அந்த மரத்தைப் பற்றி நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. சொல்லத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்ற பயம். கருங்காலி மரம் வெளியே பார்த்தால் மற்ற மரங்களைப் போலத்தான். அதன் நடுவில் இருக்கும் வைரம் மட்டுமே கறுப்பு. அது முற்றுவதற்கு ஒரு மனிதனின் ஆயுள் போதாது. அந்த வைரத்தைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, கல்லைப் போல அடியில் போய் இருக்கும். ஆணி இறங்காது, முதலில் துளை போட வேண்டும். உளியை ஒரு நாளில் நாலு தரம் தீட்ட வேண்டும். கறையான் கிட்ட வராது. வார்னிஷ் தேவையில்லை, மெழுகைத் தடவித் துணியால் தேய்த்தால் முகம் தெரியும். உலக்கைக்கும் ஊன்றுகோலுக்கும் வயலினில் விரல் ஓடும் பலகைக்கும் இதைத் தேடுவது இந்த உறுதிக்காகத்தான். இப்போது காட்டில் இதை வெட்ட முடியாது, சட்டம் விடாது. அதனால் இருப்பதற்கு மதிப்பு அதிகம், போலிக்கும் குறைவில்லை. போன வருடம் கீழ்வீட்டு மாமி வெள்ளவத்தைக் கடையொன்றில் கருங்காலி மாலை வாங்கிக்கொண்டு வந்து காட்டினா. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, மணி வெளுத்தது. "இது சாயம், மாமி" என்றேன். அவ ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அவவுக்கு உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. வேறொரு பெண்ணுக்குச் சொல்ல நாற்பது வருடம் ஆனது.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கணிதப் பெட்டியில் இருந்த கவராயத்தால் அந்தப் பெட்டகத்தில் உன் பெயரைக் கீறப் பார்த்தாய். மரத்தில் ஒரு கோடும் விழவில்லை, கவராயத்தின் முனைதான் முறிந்தது. நான் ஓடி வந்து உன் கன்னத்தில் அடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் உன்னை அப்படி அடித்ததில்லை. அன்று மூக்கால் இரத்தம் வந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவில் இருக்கிறது. மரத்துக்காக அடித்தேன் என்று நீ நினைத்திருப்பாய். அதன்மேல் எங்கள் குடும்பத்தின் பெயர் விழுவதை என்னால் பார்க்க முடியவில்லை, தம்பி. இன்னொரு தரம் பள்ளிக்கூடத்தால் வந்து கேட்டாய், "அப்பா, காட்டிக்குடுக்கிற ஆளைக் கருங்காலியெண்டு சொல்லுறதெண்டு ரீச்சர் சொன்னவ. எங்கட பெட்டி கருங்காலி எண்டால் அது கூடாததோ?" என்று. "அது வேற கருங்காலி, போய்ப் படி" என்றேன். நீ போய்ப் படித்தாய். நான் அன்று கடைக்குப் போகவில்லை.

நான் இளவயதில் மருதானையில் ஒரு பழைய தளபாடக் கடையில் வேலை செய்தேன் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை. வீடுகளுக்குப் போய், விற்க இருக்கும் கதிரை மேசை கட்டில்களைப் பார்த்து, இது இன்ன மரம், இவ்வளவு பெறும் என்று முதலாளிக்குச் சொல்வது என் வேலை. முதலாளி சிங்களவர். என்னை "மல்லி", தம்பி, என்றுதான் கூப்பிடுவார். எண்பத்து மூன்றில் தமிழரைத் தேடித் தாக்கிய கலவர நாட்களில் தன் வீட்டுப் பின்னறையில் என்னை வைத்துச் சோறு போட்டவர். கலவரம் அடங்கியதும் வெள்ளவத்தைப் பக்கம் தளபாடம் விற்கும் வீடுகள் கூடின. சனங்கள் யாழ்ப்பாணத்துக்கோ வெளிநாட்டுக்கோ போக அவசரப்பட்டார்கள். அப்படித்தான் ஒரு நாள், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றிலிருந்த வீட்டுக்குப் போனேன். கதவு உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே மின்விசிறி இல்லை, தையல் மெசின் இல்லை, சமையலறையில் சட்டி பானைகூட இல்லை. நடுவீட்டில் ஒரு பெட்டகம் மட்டும் கோணலாகக் கிடந்தது. அது இழுபட்ட தடம் சீமெந்துத் தரையில் வெள்ளையாகத் தெரிந்தது.

வீட்டுக்காரியின் பெயர் மனோன்மணி. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கணவர் சிவபாதம் முந்தின வருடம் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். ஆறு வயது மகள் வாசுகி அந்தப் பெட்டகத்தின்மேல்தான் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"எல்லாத்தையும் கொண்டு போட்டாங்கள், தம்பி. இதை மட்டும் தூக்க ஏலாமல் நடுவீடுவரைக்கும் இழுத்துப்போட்டு விட்டிட்டுப் போட்டாங்கள்" என்றார். "நீங்கள் தமிழ் ஆள், அதால தயங்காமல் கேக்கிறன். இது என்ன பெறும்? இவர் கருங்காலியெண்டு சொல்லித்தான் வாங்கினவர். என்ட காப்பு ஆறையும் வித்து இதை வாங்கினவர். தங்கத்தைவிட இது நிக்கும் எண்டு சொன்னவர்."

நான் முழங்காலில் இருந்து ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். பழைய மெழுகு வந்தது, சாயம் வரவில்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு கையால் முடியவில்லை. விரலால் தட்டினேன். சத்தமே எனக்குச் சொல்லிவிட்டது. அவ்வளவு நல்ல கருங்காலியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அப்போது உன் அம்மாவைப் பேசி முடித்திருந்தார்கள். கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையும் ஒரு தகரப் பெட்டியும்தான் என் சொத்து. அந்தப் பெட்டகம் எனக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே தோன்றியது. வேறு ஒரு நியாயமும் நான் சொல்லப்போவதில்லை.

பெட்டகத்தின் பின்பக்கம், அடிப்பலகையின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மரத்தின் வெளிப்பகுதி சேர்ந்திருந்தது. வைரத்தைச் சுற்றியுள்ள அந்தப் பகுதி எந்தக் கருங்காலியிலும் வெளிறித்தான் இருக்கும். அந்தக் காலத்துத் தச்சர்கள் பலகையை வீணாக்காமல், அந்தக் கீற்றுக்கு மட்டும் கறுப்புப் பூசி உள்ளே மறைத்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும், மனோன்மணி அக்காவுக்குத் தெரியாது. அந்த இடத்தைத் தேடிப் பிடித்துத் தகட்டால் சுரண்டினேன்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. உள்ளுக்கு வெள்ளை. ஏதோ சாதாரண மரத்துக்குக் கறுப்புப் பூசியிருக்கு. உங்கட அவரை ஆரோ ஏமாத்திப் போட்டினம்."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். பிறகு மெதுவாக, "அவர் ஏமாறுற ஆள் இல்லையே" என்றார். நான் தகட்டைத் துடைத்துப் பையில் வைத்தேன். அந்த வசனத்துக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஏமாறாத மனிதன் காப்பு ஆறையும் கொடுத்துச் சாயமரம் வாங்கினான் என்றால், அவன் மனைவி என்ன முடிவுக்கு வருவாள் என்று நான் யோசிக்கவில்லை. நான் பெட்டகத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். சாயமரத்தின் விலையைக் கொடுத்து, ஆட்களைப் பிடித்து அன்றே அதைக் கடைக்கு ஏற்றினேன்.

கடைக்கு வந்ததும் முதலாளி மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மல்லி, மேக கலுவரத?" என்று கேட்டார். கருங்காலியா என்று கேட்கிறார். "நே மஹத்தயா, பாட்ட தாலா" என்றேன். இல்லை ஐயா, சாயம் போட்டது. எனக்கு ஒளிப்பிடம் தந்த மனிதரிடமும் அதே பொய். அவர் அதை எனக்குக் கலியாணப் பரிசுபோலச் சும்மா மாதிரியே தந்துவிட்டார். பெண்வீட்டாருக்கு முன்னால் "கருங்காலிப் பெட்டகம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அன்றைக்குத்தான் அந்த மரத்தின் பெயரை முதன்முதலாக உண்மையாகச் சொன்னேன். உன் அம்மா அதில் தன் கூறைச்சேலையை வைத்தாள்.

தம்பி, நான் அதற்குப் பிறகு யாரையும் ஏமாற்றவில்லை. பாமன்கடைச் சந்தியில் சொந்தக் கடை போட்டபோது, தேக்கைத் தேக்கென்றும் சாயத்தைச் சாயமென்றும் சொல்லித்தான் விற்றேன். நல்ல மனிதன் என்று பெயரெடுத்தேன். அந்தப் பெயர் ஒரு விதத்தில் எனக்கு வசதியாகவும் இருந்தது. மனோன்மணி அக்கா லண்டன் போய்விட்டிருப்பார், கணவரின் தமையன் அங்கே கூப்பிட இருக்கிறார் என்று காசை வாங்கும்போது சொன்னாரே, இப்போது வசதியாக இருப்பார், பெட்டகத்தை மறந்திருப்பார் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஒரு பொய்யைச் சொன்ன ஆள் முதலில் செய்யும் வேலை, ஏமாந்தவருக்கு நல்ல வாழ்க்கை ஒன்றைக் கற்பனை செய்து கொடுப்பது. நீயும் ஒரு நாள் அப்படிச் செய்வாயானால், உடனே போய் விசாரி.

நீ கேட்டபடியே பெட்டகத்தை அனுப்ப வழி பார்க்கத்தான் மாசி மாதம் போனேன். பழைய பொருளை, அதுவும் கருங்காலியை, நாட்டை விட்டுக் கொண்டுபோக அனுமதி வேண்டும். ஒரு அலுவலகத்தில் படிவம் தந்தார்கள். மேசையில் இருந்து நிரப்பினேன். நீளம், அகலம், மரம், எவ்வளவு காலமாக வைத்திருக்கிறீர்கள். பிறகு, "யாரிடமிருந்து பெறப்பட்டது". பேனையை வைத்துக்கொண்டு இருந்தேன். கடையின் பெயரை எழுதியிருக்கலாம். மூடிப் பல வருடமாகிவிட்ட கடை, யாரும் தேடப்போவதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை, சிங்களப் பிள்ளைதான், நல்ல தமிழில், "ஐயா, பேர் ஞாபகம் இல்லாட்டி பரவாயில்லை, தெரியாது எண்டு போடுங்க" என்றாள். எனக்குப் பெயர் தெரியும். ஒரு நாளும் மறக்கவில்லை. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேரே வெள்ளவத்தைக்குப் போனேன். அந்த ஒழுங்கையில் இப்போது ஏழு மாடி எட்டு மாடிக் கட்டடங்கள். மூலைக் கடையில் மட்டும் பழைய ஆள் ஒருவர் இருந்தார். பெயரைச் சொன்னேன். "லண்டனுக்குப் போனவையெண்டு நினைக்கிறன்" என்று நானே தொடக்கியும் வைத்தேன். "ஆர், மனோன்மணி அக்காவோ? அவ எங்க போனவ? கொட்டாஞ்சேனையிலதான் இருக்கிறா. மகள் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா" என்றார். நாங்கள் கலியாணம் செய்து முதல் நாலு வருடம் இருந்ததும் கொட்டாஞ்சேனையில்தான். ஒரே சந்தையில் மீன் வாங்கியிருப்போம். நான் அவரைக் காணாததற்கு, காண நினைக்காததுதான் காரணம்.

அடுத்த நாள் காலை பஸ் எடுத்துப் போனேன். துறைமுகப் பக்கமாக ஒரு மாடிவீட்டின் மேல்தளம். இரண்டு அறை. கதவைத் திறந்தது வாசுகி. ஐம்பதை நெருங்குகிறாள். தாய் உள்ளே கதிரையில் இருந்தார். தலை முழுக்க நரைத்து, முதுகு வளைந்து, ஆனால் கண் தெளிவு. என்னை அடையாளம் தெரியவில்லை. ஆருக்கும் கலியாணமோ, அழைப்புக் காட் தர வந்தனீங்களோ என்று கேட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். தேத்தண்ணி வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு அவசரம். அவர்கள் வீட்டில் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்ல முடியாது. சொன்னேன். கடை, கலவரம், பெட்டகம், சுரண்டிய இடம், எல்லாம்.

அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். முதலில் கேட்டது இதைத்தான்.

"அப்ப அது கருங்காலிதானோ?"

"ஓம், அக்கா. முழுக்கக் கருங்காலி."

"இவர் சொன்னது உண்மையோ?"

"ஓம்."

வாசுகி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றாள். அவள்தான் மீதியைச் சொன்னாள். தாயால் சொல்ல முடியவில்லை. நான் போன பிறகு மனோன்மணி அக்கா யோசித்திருக்கிறார். ஏமாறாத மனிதர் ஏன் சாயமரம் வாங்கினார்? அப்படியென்றால் காப்பு ஆறும் வேறு எங்கேயோ போயிருக்கிறது. கணவர் வீட்டுக்குப் பிந்தி வந்த பின்னேரங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்திருக்கின்றன. வேறொரு பெண் இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். அந்தக் கோபத்தில் லண்டனில் இருந்த கணவரின் தமையனுக்கு, உங்கள் தம்பி என்னை ஏமாற்றிவிட்டுச் செத்தார் என்று கடிதம் எழுதினார். செத்தவனைப் பழிக்கிறாள் என்று தமையன் உறவையே வெட்டிக்கொண்டார். கூப்பிடவும் இல்லை. அதனால்தான் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் தையல் தைத்து மகளை வளர்த்தார். சிவபாதத்தின் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. முதல் வருடத்துக்குப் பிறகு திவசமும் செய்யவில்லை.

"என்ட கலியாண அழைப்புக் காட்டில அப்பான்ட பேர் இல்லை" என்றாள் வாசுகி. "காலஞ்சென்ற சிவபாதம் எண்டு போட அம்மா விடேல்லை. ஆக்கள் கேட்டவை. நான் வெக்கத்தில ஒரு மறுமொழியும் சொல்லேல்லை. அப்பா என்னைத் தோளில வச்சுக்கொண்டு கடற்கரைக்குப் போறது எனக்கு நல்ல ஞாபகம். அதைக்கூடப் பொய்யெண்டு நினைச்சுக்கொண்டு வளந்தனான், ஐயா."

நான் பெட்டகத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அன்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் என்று ஏதோ சொல்லத் தொடங்க, வாசுகி கையைக் காட்டி நிறுத்தினாள். மனோன்மணி அக்கா தலையை நிமிர்த்தினார்.

"பெட்டி போனால் போகட்டும். நாப்பது வருசமா அந்த மனுசனைக் கள்ளனெண்டு நினைச்சுக்கொண்டு சீவிச்சனான். இப்ப நீங்கள் வந்து இல்லையெண்டுறியள். அண்டைக்கும் உங்கட வாயைத்தான் நம்பினனான். இண்டைக்கு மட்டும் ஏன் நம்பவேணும்?"

"கொண்டுவாறன், அக்கா. நீங்களே பாருங்கோ" என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டு நேரே போய்ப் பெட்டகத்தைத் திறந்தாள். கூறைச்சேலை, உன் பிள்ளைப்பருவச் சட்டைகள், சான்றிதழ்கள், உன் சாதகம், எல்லாவற்றையும் ஒன்றொன்றாக எடுத்துக் கட்டிலில் அடுக்கினாள். உதவிக்குப் போன என்னைக் கையால் விலக்கினாள். கடைசியாக, "என்ட கூறை மற்றாளின்ர பெட்டிக்குள்ள இருந்திருக்கு. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். தகரப் பெட்டியோடயும் நான் வந்திருப்பன்" என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாள் சாப்பாடு வைத்தாள், கதைக்கவில்லை. நான் உன் அம்மாவைப் பெறுவதற்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, அவளுக்குத் தேவையே இல்லாத ஒன்று. நீ தாரணிக்காக ஏதாவது பெரிதாகச் செய்ய நினைத்தால், முதலில் அவளிடம் வேண்டுமா என்று கேள்.

லொறி பிடித்து, ஐந்து பேர் சேர்ந்து, அந்த ஒடுக்கமான படிக்கட்டால் பெட்டகத்தை ஏற்றினோம். வாசுகியின் புருஷனும் ஒரு கை கொடுத்தார். நடு அறையில் வைத்ததும் நான் பையிலிருந்து தகட்டையும் ஸ்பிரிட் போத்தலையும் எடுத்தேன். மனோன்மணி அக்கா தடுத்தார். "நீங்கள் தொடாதேங்கோ. அண்டைக்கும் நீங்கள்தான் சுரண்டிக் காட்டினனீங்கள். இண்டைக்கு நான் சுரண்டுறன்." மரக்கறி வெட்டும் கத்தியை எடுத்துவரச் சொன்னார்.

முதலில் மூடியின் நடுவில். கத்தி வழுக்கியது. இரண்டு கையாலும் அழுத்திச் சுரண்டினார். கறுப்புத் தூள் வந்தது, கீழேயும் கறுப்பு. பிறகு முன்பக்கம். கறுப்பு. பக்கவாட்டில், கால்களில், மூடியின் உள்ளே, பித்தளைப் பூட்டுக்குப் பக்கத்தில். நாற்பது வருடமாக நான் மெழுகு போட்டுப் பாதுகாத்த மரத்தில் அவர் தனக்குச் சந்தேகம் வந்த இடமெல்லாம் சுரண்டினார். எனக்கு வலித்தது. அந்த நேரத்திலும் மரத்துக்காக வலித்தது என்பதை உனக்கு மறைக்காமல் சொல்கிறேன். "போதும் அம்மா" என்றாள் வாசுகி. அவர் நிற்கவில்லை. கடைசியாக, பின்பக்கத்தைத் திருப்பச் சொல்லி, அந்த வெளிறிய கீற்றைத் தானே தேடிக் கண்டுபிடித்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு விரல் தள்ளிக் கத்தியை வைத்தார். அங்கேயும் கறுப்பு.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மூடியின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். நகக்கண் எல்லாம் கறுத்திருந்தது. "இவர் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை" என்றார். பிறகு அழுதார். சின்னப் பிள்ளையைப்போல வாய் விட்டு அழுதார். நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை. நான் படியால் இறங்கிப் போகையில் வாசுகி பின்னால் வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதை இப்ப கேக்காதேங்கோ. குடுக்க என்னட்டை ஒண்டும் இல்லை. தேவையெண்டால் நாங்கள் கூப்பிடுறம்" என்றாள்.

உண்மையைச் சொன்னால் மனம் இலேசாகும் என்று ஆட்கள் சொல்வார்கள். எனக்கு ஆகவில்லை. முன்பு நான் ஒரு பெட்டகத்தைத்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். சொன்ன பிறகுதான் எதையெல்லாம் எடுத்தேன் என்று தெரிந்தது. நீ யாரிடமாவது குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனால், உன் சுகத்துக்காகப் போகாதே. அவர்களுக்கு அந்த உண்மை வேண்டும் என்பதற்காகப் போ. அவர்கள் உன்னைத் தேற்ற வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

ஒரு மாதத்துக்குப் பிறகு வாசுகி தொலைபேசி எடுத்தாள். "வாற வெள்ளிக்கிழமை அப்பான்ட திவசம். சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லியிருக்கு. அம்மா உங்களையும் வரட்டாம். எல்லாருக்கும் முன்னால நீங்கள் சொல்லவேணுமாம். ஆக்கள் அப்பாவைப் பற்றி அம்மான்ட வாயால கேட்டதுகள். அதை அழிக்கிறதுக்கு அம்மான்ட வாய் காணாதாம்." நான் ஓம் என்றேன். உன் அம்மாவும் வருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். "நான் உங்களுக்காக வரேல்லை. அந்த மனுசிக்காக வாறன்" என்றாள்.

ஐயர் காரியங்களை முடித்துக்கொண்டு போன பிறகு, அந்தச் சின்ன வீட்டில் முப்பது பேர்வரை நெருக்கியடித்து நின்றார்கள். சிவபாதத்தின் படம் பெட்டகத்தின்மேல், மாலையோடு. அந்த முகத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த முகம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. லண்டன் தமையன் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தான். வாசுகி போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் நின்று சொன்னேன். "இவர் தன்ர மனுசிக்கு உண்மையான கருங்காலிதான் வாங்கிக் குடுத்தவர். பொய் சொன்னது நான். அது எனக்கு வேணுமெண்டதால சொன்னனான்." அவ்வளவுதான். தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் முழுக்க மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். ஆனாலும் நடுவில் குரல் நின்றுவிட்டது. யாரும் உதவிக்கு வரவில்லை, வந்திருக்கவும் கூடாது. ஒரு கிழவர் மட்டும் "சீ" என்றார். போனுக்குள் இருந்து அந்தப் பிள்ளை, "பெரியம்மாட்ட குடுங்கோ. இல்லை, சின்னம்மா... நான் அவவை என்னெண்டு கூப்பிடுறது?" என்று கேட்டான். அவனுக்கு முறைகூடத் தெரியவில்லை. அதுவும் என் வேலைதான்.

பந்திக்கு இலை போட்டார்கள். நானும் அம்மாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம். மனோன்மணி அக்கா உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தார்.

"இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"இல்லை, அக்கா..."

"நான் சாப்பாடு தரேல்லை. இது அவரின்ட சாப்பாடு. அவர் வாசலுக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பிறேல்லை. எனக்கு இப்பதான் ஞாபகம் வருது."

இருந்தோம். எனக்கு இலையில் சோறு போட்டது வாசுகி. முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் குறைவில்லாமல் போட்டாள். நான் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பிடி சோற்றை விழுங்கியதில்லை. உன் அம்மா, மனோன்மணி அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நீ எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னிக்கவில்லை. அது அவருடைய உரிமை.

நீயும் தாரணியும் புதுவீட்டுக்கு வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். மலிவுப் பலகையாக இருந்தாலும் பரவாயில்லை, அது மலிவுப் பலகை என்று தெரிந்து வாங்குங்கள். உனக்கு நான் அப்பா. என்னை நல்லவன் என்றே நினைத்து வளர்ந்துவிட்டாய். கோபம் வந்தால் கோபப்படு, அதைப் பொய்யாக அடக்காதே. ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தைத் தாரணிக்கு முழுதாக வாசித்துக் காட்டு. அப்பாவின் மானம் என்று ஒரு வரியையும் விடாதே. எந்த வீட்டுக்கு மருமகளாக வருகிறேன் என்று தாலி கட்டுவதற்கு முன் அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுத வேண்டாம். விமானநிலையத்தில் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிவர நான்தான் வருவேன். என்னைக் கண்டதும் அவள் எப்படி நிற்கிறாள் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

அப்பா